வெளிநாட்டு மருத்துவப் படிப்பு: இடரைச் சுமப்பது யார்?

நீட் தேர்வு முடிவுகள் வெளியான சில நாள்களிலேயே தமிழக நகரங்களில் ஒரு புதிய பருவம் தொடங்கிவிடுகிறது. மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி என ஊர்தோறும் ஓட்டல் அரங்குகளில் 'வெளிநாட்டில் எம்பிபிஎஸ்' கருத்தரங்குகள் நடைபெறுகின்றன. ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று நாடுகளின் பெயர்கள் பதாகைகளில் அணிவகுக்கின்றன. 'நன்கொடை இல்லை', 'ஆங்கிலவழிக் கல்வி', 'விடுதியில் தென்னிந்திய உணவு' என்ற வாசகங்கள் பெற்றோரை ஈர்க்கின்றன. சென்ற ஆண்டு எத்தனை மாணவர்களை அனுப்பினோம் என்ற எண்ணிக்கை பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால், பத்தாண்டுகளுக்கு முன்பு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் இன்று இந்தியாவில் மருத்துவராகப் பதிவுபெற்றுப் பணியாற்றுகிறார்கள் என்ற எண்ணிக்கையை எந்தப் பதாகையிலும் நான் கண்டதில்லை.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், ஒரு சந்தையில் எந்த எண் சொல்லப்படுகிறது என்பதைக் காட்டிலும் எந்த எண் சொல்லப்படாமல் இருக்கிறது என்பதையே முதலில் தேடுவது என் வழக்கம். வெளிநாட்டு மருத்துவப் படிப்பு என்னும் சந்தையை விளங்கிக்கொள்ள அந்த விடுபட்ட எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஏன் செல்கிறார்கள்?

வெளிநாட்டுக்குச் செல்லும் மாணவர்களை 'தகுதியற்றவர்கள்' என்று ஒதுக்கிப் பேசும் போக்கு நம்மிடம் உண்டு. அது நியாயமன்று. 2025-ஆம் ஆண்டு நீட் தேர்வை எழுதியவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். தகுதி பெற்றவர்கள் 12.36 லட்சம் பேர். நாடு முழுவதும் உள்ள எம்பிபிஎஸ் இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம் மட்டுமே. 2014-இல் இருந்த சுமார் 51,000 இடங்களோடு ஒப்பிட்டால் இது இரு மடங்குக்கும் மேல்தான். ஆயினும், தகுதி பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் உள்நாட்டில் இடம் உண்டு.

இடத்தின் எண்ணிக்கையைவிட இடத்தின் விலையே முக்கியம். அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் அது பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இருபது லட்சத்தைத் தாண்டுவது இயல்பாகிவிட்டது. தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் ஓரளவு இடைப்பட்ட கட்டணத்தில் கிடைக்கின்றன என்றாலும் அவற்றின் எண்ணிக்கை சொற்பம். அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழக அரசு 2020-இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஓர் அரிய முன்னெடுப்பு. ஆனால், அதன் எல்லைக்கு வெளியே நிற்கும் நடுத்தரக் குடும்பங்களின் எண்ணிக்கை மிகப் பெரிது.

ஆக, நம் நாட்டு மருத்துவக் கல்விச் சந்தையில் ஏறக்குறைய இலவசமான இடம் ஒரு முனையில். கோடியை நெருங்கும் இடம் மறுமுனையில். ஒரு பள்ளி ஆசிரியரோ சிறுவணிகரோ நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ திரட்டக்கூடிய 25 லட்சம், 30 லட்சம் ரூபாய்க்கு இங்கே இடமில்லை. அந்த நடுப்பகுதியைத்தான் பிஷ்கெக்கும் திபிலீசியும் சமர்கந்தும் நிரப்புகின்றன. கையிலிருக்கும் பணத்துக்கு எங்கே கதவு திறக்கிறதோ அங்கே போகிறார்கள். இதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

அகன்ற நுழைவாயில், குறுகிய வெளிவாயில்

2018 முதல், வெளிநாட்டில் மருத்துவம் படிக்க விரும்புவோரும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். இது ஒரு வடிகட்டி என்று நாம் நினைக்கிறோம். 2025-இல் பொதுப்பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 720-க்கு 144. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 113. அதாவது, ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணோ அதற்கும் குறைவோ இருந்தாலே போதும். இந்தத் தகுதி வரம்பு, தேர்வெழுதியோரை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு நிர்ணயிக்கப்படுவது. ஒருவரால் மருத்துவப் படிப்பின் சுமையைத் தாங்க முடியுமா என்பதை அது அளப்பதில்லை. ஆனால், 'உங்கள் பிள்ளை நீட் தேர்வில் தகுதி பெற்றுவிட்டான்' என்ற சொல்லைப் பெற்றோர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

நுழைவாயில் இவ்வளவு அகலமென்றால் வெளிவாயில் எப்படி இருக்கிறது? வெளிநாட்டில் பட்டம் பெற்றுத் திரும்புவோர் இந்தியாவில் பதிவுபெற, 'எஃப்எம்ஜிஇ' எனப்படும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 2002 முதல் நடைமுறையில் உள்ள இத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படுகிறது. 300 வினாக்கள், 150 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை; எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

தேசியத் தேர்வு வாரியம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2015 முதல் 2018 வரை இத்தேர்வை எழுதியவர்கள் 61,708 பேர். தேறியவர்கள் 8,764 பேர். ஏறத்தாழ 14 சதவீதம். வங்கதேசத்தில் படித்தவர்களில் 27 சதவீதத்தினர் தேறினர். உக்ரைனில் படித்தவர்களில் 15 சதவீதத்தினர். ரஷ்யாவில் படித்தவர்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர். சீனாவில் படித்தவர்களில் 12 சதவீதத்தை எட்டவில்லை. சீனப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களில் 2015 முதல் 2021 வரை 40,417 பேர் தேர்வெழுதி 6,387 பேர் மட்டுமே தேறினர் என்று 2022-இல் இந்தியத் தூதரகமே மாணவர்களை எச்சரித்தது. அண்மை ஆண்டுகளில் நிலைமை சற்று மேம்பட்டிருக்கிறது. 2024 ஜூன் தேர்வில் ஐந்தில் ஒருவர் தேறினார்.

இந்த எண்களை வாசிப்பதில் ஒரு கவனம் தேவை. தேர்ச்சி விகிதம் 20 சதவீதம் என்றால், எஞ்சிய 80 சதவீதத்தினர் ஒருபோதும் மருத்துவராவதில்லை என்று பொருளன்று. ஒரே நபர் பலமுறை எழுதுகிறார். ஒவ்வொரு முறையும் கணக்கில் சேர்கிறார். எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு முயற்சியிலும் தேறும் வாய்ப்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 100 பேரில் முதல் முறை 20 பேர் தேறுவர். எஞ்சிய 80 பேரில் இரண்டாம் முறை 16 பேர். அடுத்து 64 பேரில் ஏறத்தாழ 13 பேர். பின்னர் 51 பேரில் 10 பேர். நான்கு முயற்சிகள், அதாவது இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 59 பேர் தேறியிருப்பர். 41 பேர் அப்போதும் வெளியே நிற்பர். உண்மை நிலை இதைவிடக் கடினமாகவே இருக்கும். நன்கு படித்தவர்கள் முதல் முயற்சிகளிலேயே தேறிவிட, எஞ்சியோரின் வாய்ப்பு முறைக்கு முறை குறைந்துகொண்டே போகும்.

கணக்கில் வராத செலவு

டெல்டா மாவட்டத்தைச் சேர்ந்த தந்தை ஒருவர், மகளைப் படிக்க அனுப்புவது குறித்து என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார். இரண்டு ஏக்கர் நஞ்சையை விற்பதற்கு முன்பணம் வாங்கியாயிற்று. முகவர் எழுதிக்கொடுத்த தாளில் ஆறு ஆண்டுகளின் கட்டணம், விடுதி, உணவு, விமானச் செலவு எல்லாம் வரிசையாக இருந்தன. "பட்டம் வாங்கிட்டா டாக்டர்தானே, சார்?" என்று கேட்டார். அவருடைய தாளில் கணக்கு பட்டத்தோடு முடிந்திருந்தது. பதிவு வரையிலான செலவு அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்த வரிகளை நாம் எழுதிப் பார்க்கலாம். முதலாவது, நாணய மாற்று. கட்டணம் டாலரில் செலுத்தப்படுகிறது; குடும்பத்தின் வருவாய் ரூபாயில். 2019-இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 70 ரூபாய். 2025-இல் 85 ரூபாயைத் தாண்டியது. ஆண்டுக்கு 5,000 டாலர் கட்டணம் என்றால், பல்கலைக்கழகம் ஒரு டாலர்கூட உயர்த்தாமலேயே, மூன்றரை லட்சமாக இருந்தது நான்கே கால் லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

இரண்டாவது, வட்டி. 20 லட்சம் ரூபாய்க் கல்விக்கடனை ஆறு சம தவணைகளாக ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் பெறுவதாகவும், ஆண்டுக்கு 11 சதவீதத் தனிவட்டி என்றும் வைத்துக்கொள்வோம். படிப்பு முடியும் நாளில் வட்டி மட்டும் 7.7 லட்சம் சேர்ந்திருக்கும். அதன்பின் தகுதித் தேர்வில் தவறும் ஒவ்வொரு முறையும் ஆறு மாதங்கள் கழிகின்றன. அசலுக்கான வட்டி ஒவ்வோர் அரையாண்டுக்கும் 1.1 லட்சம் கூடுகிறது. பயிற்சி மையக் கட்டணமும் வெளியூரில் தங்கும் செலவும் தனி.

மூன்றாவதும் மிகப் பெரியதுமான செலவு, இளமை. பிளஸ் டூ முடித்தபின் ஓராண்டு நீட் பயிற்சி, ஆறாண்டுப் படிப்பு, ஓராண்டு அல்லது ஈராண்டு தகுதித் தேர்வு, அதன்பின் இந்தியாவில் ஓராண்டுப் பயிற்சி மருத்துவப் பணி. எல்லாம் நல்லபடி நடந்தாலும் பதிவு கைக்கு வரும்போது வயது 27 ஆகிவிடும். உள்நாட்டில் ஐந்தரை ஆண்டுகளில் படிப்பையும் பயிற்சியையும் முடித்த அவருடைய வகுப்புத் தோழர் அதற்குள் முதுநிலைப் படிப்பில் இருப்பார்.

இப்போது மீண்டும் அந்த 100 பேரின் கணக்குக்கு வருவோம். ஆளுக்கு 30 லட்சம் வீதம் 100 குடும்பங்கள் செலவிடும் தொகை 30 கோடி ரூபாய். இரண்டாண்டுக் காத்திருப்புக்குப் பின் கிடைக்கும் மருத்துவர்கள் 59 பேர். ஒரு மருத்துவருக்கான செலவு 50 லட்சத்தைத் தாண்டுகிறது. உள்நாட்டுத் தனியார் கல்லூரியின் கட்டணத்துக்கு ஏறக்குறைய அருகில் வந்துவிடுகிறோம். 'பாதி விலையில் மருத்துவப் படிப்பு' என்பது, இடரை விலையில் சேர்க்காததால் உண்டாகும் தோற்றம். குறைந்த விலை என்ற பெயரில், தோல்வியின் முழுச் சுமையும் குடும்பத்தின் தலையில் இறக்கிவைக்கப்படுகிறது.

பாடம் எங்கே விடுபடுகிறது?

தேர்ச்சி விகிதம் குறைவாக இருப்பதற்கு மாணவர்களின் சோம்பல் மட்டும் காரணமன்று. மருத்துவம் நோயாளியின் படுக்கையருகில் கற்கப்படும் கலை. நோயாளியிடம் 'வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது' என்று கேட்டு அறிவதில்தான் அது தொடங்குகிறது. வகுப்பறையில் ஆங்கிலம் இருந்தாலும் மருத்துவமனை வார்டில் ரஷ்ய மொழியோ சீன மொழியோ ஜார்ஜிய மொழியோதான் இருக்கும். அம்மொழியில் தேர்ச்சி இல்லாத மாணவர், மருத்துவர் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவராகவே ஆண்டுகளைக் கழிக்க நேர்கிறது.

நோய்களும் வேறு. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், காசநோய், பாம்புக்கடி என்று வருகிறார்கள். குளிர்நாட்டு மருத்துவமனையில் ஆறாண்டுகள் இருந்தாலும் ஒரு பாம்புக்கடியைக்கூடப் பார்க்காமல் திரும்பலாம். தகுதித் தேர்வு இந்திய மருத்துவப் பாடத்திட்டத்தின் அடிப்படையில் அமைவதால் இந்த இடைவெளி விடைத்தாளில் வெளிப்படுகிறது.

ஆகவே, தகுதித் தேர்வையே நீக்க வேண்டும் அல்லது எளிதாக்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. இலங்கையும் வெளிநாட்டில் படித்துத் திரும்பும் தன் மாணவர்களுக்குத் தனித் தேர்வு வைத்திருக்கிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் இந்தியாவில் படித்த மருத்துவர்களுக்கே தேர்வு வைக்கின்றன. நோயாளியின் பாதுகாப்பில் சலுகைக்கு இடமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவ்வளவு கடுமையான வெளிவாயில் இருக்கிறது என்பதை, உள்ளே நுழையும் முன்பே ஏன் அந்தக் குடும்பத்துக்கு யாரும் தெளிவாகச் சொல்வதில்லை?

போரும் தொற்றும் விதிமாற்றமும்

படிப்பின் நடுவில் வரும் இடர்களும் உண்டு. 2020 தொடக்கத்தில் கரோனாவால் நாடு திரும்பிய மாணவர்களுக்குச் சீனா இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் கதவைத் திறக்கவில்லை. உடற்கூறியலையும் அறுவைசிகிச்சையையும் கைப்பேசித் திரையில் படித்தது ஒரு தலைமுறை. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தபோது, 'ஆபரேஷன் கங்கா' மூலம் ஏறத்தாழ 22,500 இந்தியர்கள் மீட்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். தமிழகத்துக்கு மட்டும் இரண்டாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் மாணவர்கள் திரும்பினர். கார்கிவ் நகரில் ஓர் இந்திய மாணவர் குண்டுவீச்சுக்குப் பலியானார். 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்கள் தாக்கப்பட்டனர். அதே ஆண்டு வங்கதேசக் கொந்தளிப்பின்போதும், 2025 ஜூனில் ஈரான் மீதான தாக்குதலின்போதும் இந்திய மருத்துவ மாணவர்கள் அவசரமாகத் தாயகம் திரும்பினர்.

திரும்பியவர்களுக்கு என்ன வழி என்பதில் நம்மிடம் ஆயத்தமான கொள்கை ஏதுமில்லை. உக்ரைனிலிருந்து திரும்பியோரை இந்தியக் கல்லூரிகளில் சேர்க்க விதிகளில் இடமில்லை என்றது மத்திய அரசு. பின்னர் வேறு நாடுகளுக்கு மாறிப் படிப்பைத் தொடரத் தேசிய மருத்துவ ஆணையம் இசைந்தது. இறுதியாண்டை இணையவழியில் முடித்தவர்களுக்கு, ஒருமுறை வாய்ப்பாகத் தனித் தேர்வும் அதன்பின் ஈராண்டுப் பயிற்சியும் என்ற ஏற்பாடு 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்துதான் முடிவாயிற்று. ஒவ்வொரு நெருக்கடியிலும் மாணவர்கள் நீதிமன்றப் படியேறித்தான் தங்கள் எதிர்காலத்தை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

2021 நவம்பரில் ஆணையம் வெளியிட்ட விதிமுறைகள் பல வகையில் சரியானவை. குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழிக் கல்வி, படித்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் உரிமம் பெறும் தகுதி, பின்னர் இந்தியாவில் 12 மாத மேற்பார்வைப் பயிற்சி, சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் அனைத்தையும் முடித்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஆனால், ஒரு குறிப்பிட்ட நாட்டின் குறிப்பிட்ட கல்லூரி இவற்றை நிறைவுசெய்கிறதா என்பதைக் கண்டறியும் பொறுப்பு மாணவரிடமே விடப்பட்டுள்ளது. பிலிப்பைன்ஸ் நாட்டில் மருத்துவத்துக்கு முன்னர் படிக்க வேண்டிய அறிவியல் பட்டப்படிப்பை மருத்துவக் கல்வியாகக் கணக்கிட முடியாது என்பதை எத்தனை பெற்றோர் விண்ணப்பிக்கும்போது அறிந்திருந்தனர்? பதினெட்டு வயது மாணவரும் பள்ளிப்படிப்போடு நின்ற தந்தையும் அயல்நாட்டு மருத்துவச் சட்டத்தை ஆராய்ந்து முடிவெடுப்பார்கள் என்று ஓர் ஒழுங்குமுறை அமைப்பு எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது.

முகவரின் ஊக்கம்

1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தரம் பிரித்தறிய முடியாத இடத்தில் எல்லாக் கார்களும் ஒரே விலையை நோக்கி வருகின்றன. நல்ல கார்கள் சந்தையை விட்டு விலகுகின்றன. பழுதானவை எஞ்சுகின்றன என்று அவர் விளக்கினார். இத்தகைய தகவல் ஏற்றத்தாழ்வு குறித்த ஆய்வுகளுக்காக 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வெளிநாட்டு மருத்துவச் சேர்க்கை இந்த ஆய்வுக்கு இலக்கணம் போல அமைந்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் சிறந்த மருத்துவமனை உண்டு, எங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தனிக் கட்டடம் கட்டிப் பெயரளவில் வகுப்பு நடத்துகிறார்கள் என்பது முகவருக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. முகவருக்கான தரகு, மாணவர் சேர்ந்த அன்றே கிடைத்துவிடுகிறது. அவர் ஆறாண்டுகள் கழித்துத் தேறினாலும் தேறாவிட்டாலும் தரகில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் வந்துவிடுகிறது. வங்கிக்கு ஈடாக வீட்டுப் பத்திரம் இருக்கிறது. அரசுக்கோ இதில் செலவே இல்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இருப்பவர் தன் பங்கைப் பெற்றுக்கொண்டு விலகிவிட, கடைசியில் இடர் முழுவதையும் ஏற்பவர், எல்லோரிலும் குறைவாகத் தகவல் அறிந்தவரான அந்தத் தந்தை.

வளைகுடா நாடுகளுக்குக் கட்டுமானத் தொழிலாளியை அனுப்பும் முகவர், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். மாணவரை அனுப்பி லட்சக்கணக்கில் பணம் கைமாறச் செய்யும் முகவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பஞ்சாப் மாநிலம் மாணவர் விசா ஆலோசகர்களையும் உள்ளடக்கி உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கும் சட்டத்தைப் பத்தாண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்தது. அதன் அமலாக்கத்தில் குறைகள் இருக்கலாம். ஆனால், புகார் அளிக்க ஓர் இடமும் மேற்கொள்ள ஒரு நடவடிக்கையும் அங்கே சட்டத்தில் உண்டு.

தேறாதவர்கள் எங்கே?

இந்த விவாதத்தில் மிகவும் வருந்தத்தக்க பகுதி, எவர் கண்ணிலும் படாத அந்த 41 பேர். ஆறாண்டுகள் மருத்துவம் படித்த அவர்களைச் சட்டம் மருத்துவர் என்று ஏற்பதில்லை. ஊரும் உறவும் அவர்களை வேறு எதுவாகவும் ஏற்பதில்லை. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று எழுதிய திருமண அழைப்பிதழ்கூட அச்சாகியிருக்கும். சிலர் தனியார் மருத்துவமனைகளில் குறைந்த ஊதியத்துக்குப் பெயரில்லாத உதவியாளர்களாக இரவுப்பணி பார்க்கிறார்கள். அது அவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஆபத்து. சிலர் மருத்துவக் குறியீட்டு நிறுவனங்களில் வேலைக்குச் சேர்கிறார்கள். பலர் பயிற்சி மையங்களின் விடுதிகளிலேயே முப்பது வயதை நெருங்குகிறார்கள்.

தேறியவர்களுக்கும் பாதை முள்ளில்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரிகளின் மொத்த இடங்களில் 7.5 சதவீதம் வரையே வெளிநாட்டில் படித்தவர்களுக்குப் பயிற்சி இடம் வழங்கலாம் என்ற வரையறையால் பலரும் மாதக்கணக்கில் காத்திருந்தனர். பயிற்சிக்கால உதவித்தொகை கிடைக்கவில்லை என்ற புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. ஆயினும், இவ்வளவையும் கடந்து இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் திறம்படப் பணியாற்றும் வெளிநாட்டுப் பட்டதாரிகள் பலர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

இதற்கெல்லாம் பெருஞ்செலவு பிடிக்கும் திட்டங்கள் தேவையில்லை. முதல் தேவை, தகவல். ஒவ்வொரு தேர்வரும் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார், எந்த ஆண்டில் சேர்ந்தார் என்பது தேர்வு வாரியத்தின் கையில் உள்ளது. பல்கலைக்கழக வாரியாக, சேர்ந்த ஆண்டு வாரியாக, எத்தனை பேர் எத்தனையாவது முயற்சியில் தேறினர் என்பதை ஆண்டுதோறும் நீட் முடிவுகள் வெளியாகும் நாளிலேயே தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் வெளியிட வேண்டும். அத்துடன், விதிமுறைகளை நிறைவுசெய்யும் கல்லூரிகள் எவை என்பதை ஆணையமே ஆராய்ந்து அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, முகவர்களுக்குக் கட்டாயப் பதிவு. பல்கலைக்கழகத்திடமிருந்து பெறும் தரகை எழுத்துபூர்வமாகத் தெரிவிப்பதும், தாம் அனுப்பிய மாணவர்களின் தேர்ச்சி விவரத்தை விளம்பரத்திலேயே அச்சிடுவதும் சட்டக் கடமையாக வேண்டும். தமிழக அரசு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றலாம்.

மூன்றாவது, வங்கிகளின் பொறுப்பு. கல்விக்கடன் வழங்குமுன், அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விகிதத்தைப் பெற்றோருக்குக் காட்டி ஒப்பம் பெற வேண்டும். ஈட்டுப் பத்திரத்தை மட்டும் பார்த்துக் கடன் கொடுக்கும் வங்கி, வீட்டைத்தான் மதிப்பிடுகிறது, படிப்பை மதிப்பிடுவதில்லை.

நான்காவது, தேறாதவர்களுக்கு ஒரு மாற்றுவழி. பொது சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம், தொற்றுநோயியல் போன்ற துறைகளில், அவர்கள் ஏற்கெனவே படித்ததைக் கணக்கில் கொண்டு குறுகிய கால இணைப்புப் படிப்புகளை நம் மருத்துவப் பல்கலைக்கழகமும் பிற பல்கலைக்கழகங்களும் தொடங்கலாம். ஆறாண்டு உழைப்பைப் பூஜ்யமாக்கும் அமைப்பு, தனிமனிதருக்கு மட்டுமின்றி நாட்டுக்கும் இழப்பு.

நீண்டகாலத் தீர்வு, உள்நாட்டில் அந்த நடுப்பகுதியை நிரப்புவதுதான். 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் பத்து லட்சம் மக்கள்தொகைக்கு 100 எம்பிபிஎஸ் இடங்கள் என்ற வரம்பை அறிவித்தபோது தமிழகம் எதிர்த்தது. பின்னர் அது தள்ளிவைக்கப்பட்டது. பிள்ளைகள் கடல்கடந்து இடம் தேடும் நாட்டில், இடங்களைப் பெருக்க முடிந்த மாநிலத்தைத் தடுப்பதில் பொருளில்லை. பேராசிரியர்களும் நோயாளிகளும் உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைகளைக் கல்லூரிகளாக வளர்த்து, வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் இடம் வழங்கினால், வெளிநாட்டுக்குப் போகும் பணத்தின் ஒரு பகுதி இங்கேயே மருத்துவமனைகளாக நிற்கும்.

அதுவரை பெற்றோர் தாங்களே சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய தமிழக மாணவர் மூவரின் தொடர்பு கிடைக்குமா? அவர்கள் எத்தனையாவது முயற்சியில் தேறினர்? மூன்றாம் ஆண்டு முதல் எந்த மருத்துவமனையில், எந்த மொழியில் பயிற்சி? அந்த நாட்டுக் குடிமகனுக்குக் கிடைக்கும் அதே உரிமம் நம் பிள்ளைக்கும் கிடைக்குமா? போர் வந்தால், நோய் வந்தால், செலுத்திய கட்டணத்தின் நிலை என்ன? டாலர் பத்து ரூபாய் உயர்ந்தால் நம்மால் தாங்க முடியுமா? தகுதித் தேர்வுக்கென இரண்டாண்டுச் செலவை ஒதுக்கி வைத்திருக்கிறோமா? இவற்றுக்கு விடை தர மறுக்கும் முகவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை.

டெல்டா மாவட்டத் தந்தை கேட்ட கேள்விக்கு விடை ஒன்றுதான். பட்டம் பெறுபவர் மருத்துவப் பட்டதாரி. மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறும்போதுதான் அவர் மருத்துவர். குடும்பத்தின் கணக்கும் வங்கியின் கணக்கும் அரசின் கணக்கும் அந்தப் பதிவேடு வரை நீள வேண்டும்.